கீழே போடும் பெயர்

பீளமேட்டில் ஒரு குரு இருந்தார். குரு என்றதும் தாடியும் காவியும் கண்முன் வந்து நின்றால் அதைக் கொஞ்சம் அக்கட்டால் தள்ளி வையுங்கள். இந்தக் குரு ஒரு பெண். பெயர் சுகந்தி. நாற்பது வயதுகூட ஆகவில்லை. கிரைண்டர் ரிப்பேர் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை எடுத்து, நாலைந்து பேரை வைத்துக்கொண்டு கெர்னல் வேலை பார்த்தார்.

சீடர் அவரைவிட மூத்தவர். நாச்சிமுத்து என்று பெயர், ஐம்பதைத் தாண்டியவர். ஒரு ஸ்பின்னிங் மில்லில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மில்லை இழுத்து மூடியதும் இங்கே வந்து சேர்ந்தார். அவர் குருவை டீச்சர் என்பார், குரு அவரை அண்ணா என்பார். யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். குழம்பட்டும், நமக்கென்ன.

கெர்னல் என்றால் என்ன என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்திருக்கும் புரோகிராம் அது. மற்ற எந்தப் புரோகிராமுக்கும் துளி மெமரி வேண்டுமானாலும் சரி, டிஸ்க்கில் ஒரு வரி எழுத வேண்டுமானாலும் சரி, இதனிடம்தான் கை நீட்ட வேண்டும். இதில் ஒரு ஓட்டை இருந்தால் மேலே எத்தனை பூட்டுப் போட்டாலும் வீண். உள்ளே வந்தவன் வீட்டுக்காரன் ஆகிவிடுவான்.

அந்தக் கெர்னலை உலகம் முழுக்க இருந்து ஆட்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். எழுதியதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், நல்லவனும் படிக்கலாம், கெட்டவனும் படிக்கலாம். ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை இன்னொன்றுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி குருவின் பொறுப்பில் இருந்தது. அதில் ஓட்டை கண்டால் அடைக்க வேண்டியது இவர்கள். அடைக்கும் வரிகளுக்குப் பேட்ச் என்று பெயர்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேட்ச் எழுதியவர் அதற்குக் கீழே தன் பெயரைப் போடுவார். அதைப் படித்துச் சரி என்று சொன்னவர் தன் பெயரையும் அதற்குக் கீழே போடுவார். போட்ட பெயர் போட்டதுதான். அதன்மேல் அடுத்தவர்கள் எழுதிக்கொண்டே போவதால், பின்னால் போய் அதில் ஒரு எழுத்தை மாற்றினாலும் உலகத்தில் இருக்கும் பிரதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

சேர்ந்த புதிதில் நாச்சிமுத்து கேட்டார். "எதுக்குங் டீச்சர் பேரெல்லாம்? வேலையைச் செஞ்சமா போனமான்னு இல்லாம?"

"போகப்போகத் தெரியுமுங்க அண்ணா" என்றார் குரு.

போகப்போக என்ன, முதல் பேட்ச் உள்ளே போன அன்றைக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் மனுசர். மில்லில் அத்தனை வருசம் மாடாய் உழைத்தும் அவர் பெயர் ஒரு சுவரில்கூட ஏறியதில்லை. இப்போது உலகத்துக் கம்ப்யூட்டரில் எல்லாம் நாச்சிமுத்து! போனை எடுத்துக்கொண்டு வீட்டில் ஒவ்வொருவரிடமும் காட்டினார். மனைவி ருக்மணி, "சரி சரி, சாப்பிட வாங்க" என்றாள்.

ருக்மணியின் அண்ணன் திருமூர்த்தி அப்படி விடவில்லை. "மாப்ளே, இதை வெளிநாட்டுக்காரன்கூடப் பார்ப்பானா?" என்று கேட்டுத் தன் போனிலும் ஏற்றி வைத்துக்கொண்டார். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. பொள்ளாச்சி ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஊசியைக் குத்திப் படுக்க வைத்தால் அரை நாள் அசைய முடியாது. அந்த நேரமெல்லாம் பக்கத்துக் கட்டில்காரர், நர்சு, கூட்டிப் பெருக்கும் அம்மா என்று ஒருவர் விடாமல் போனை நீட்டி, "எங்க மாப்ளே பேரு பாருங்" என்பார். மச்சான் பெருமையடிக்கிறார் என்று கேள்விப்பட்டு நாச்சிமுத்துவுக்கு வெட்கமாகவும் இருந்தது, இனிக்கவும் செய்தது.

ஒரு நாள் இவர்கள் பகுதியில் பெரிய ஓட்டை ஒன்று அகப்பட்டது. நாச்சிமுத்துவே கண்டுபிடித்தார்.

ஓட்டை கண்டால் ஊரைக் கூட்டக் கூடாது. வாயை மூடிக்கொண்டு பேட்ச் எழுத வேண்டும். வெளியிடும்போதும் தண்டோரா போடாமல், ஏதோ கணக்குச் சரிபார்ப்பு என்கிற மாதிரி நாலு வார்த்தை எழுதி அனுப்பிவிட வேண்டும். ஏனென்றால் பேட்ச் வெளியே வந்த அன்றைக்கே திருடனும் படிப்பான். எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்த்தால் ஓட்டை எங்கே என்று அவனுக்குத் தெரிந்துபோகும். ஆஸ்பத்திரியும் ஆபீசும் பேட்சைப் போட்டுக்கொள்வதற்குள் நுழைந்துவிட வேண்டும் என்று அவன் ஓடிவருவான். அவன் வந்து சேர்வதற்குள் ஆஸ்பத்திரிக்காரர்கள் போட்டுக்கொள்ள வேண்டும். யார் முந்துகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நாச்சிமுத்து வார்த்தையில் எச்சரிக்கையாகத்தான் இருந்தார். ஆனால் பேட்சோடு ஒரு சோதனைப் புரோகிராமையும் சேர்த்து அனுப்பினார். பேட்ச் போட்ட கம்ப்யூட்டரில் அதை ஓட்டினால் ஓட்டை அடைபட்டுவிட்டது என்று காட்டும். சோதனை இல்லாத பேட்ச் அரை வேலை என்று குருவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். மற்றப் பிழைகளுக்கு அது நல்ல பழக்கம்தான். இது ஓட்டையாயிற்றே! பேட்ச் போடாத கம்ப்யூட்டரில் அதே சோதனையை ஓட்டினால் கதவு திறந்துகொள்ளும். திருடனுக்கு உட்கார்ந்து சாவி அடித்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று. வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நினைப்பிலேயே இருந்த மனுசருக்கு அது உறைக்கவில்லை.

குரு படித்துப் பார்த்தார். "சோதனை ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க அண்ணா" என்றார். அவர் பெயருக்குக் கீழே தன் பெயரைப் போட்டார்.

அந்த வாரம் முடிவதற்குள் எந்தச் சீமைக் கும்பலோ அந்தச் சோதனையை அங்கே இங்கே மாற்றி, கண்ணில் பட்ட கம்ப்யூட்டரில் எல்லாம் நுழைந்தது. பொள்ளாச்சி ரோட்டு ஆஸ்பத்திரியிலும் நுழைந்தது. ஒரு ஃபைல் மிச்சமில்லாமல் பூட்டிவிட்டு, திறந்துவிட வேண்டுமானால் பேரம் பேச வா என்றது. யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு நேரம், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்ற விவரமெல்லாம் அதற்குள்தான் இருந்தது. டாக்டர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். திருமூர்த்தியின் முறை ஒரு தடவை தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வேறு ஆஸ்பத்திரிக்கு என்று ஆம்புலன்சில் ஏற்றினார்கள். உக்கடம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

திருமூர்த்திக்கு ஒரே பெண், தாரணி. காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். சுடுகாட்டிலிருந்து திரும்பித் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு நின்ற நாச்சிமுத்துவிடம் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமா, எந்த ஓட்டை வழியா பூந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஆஸ்பத்திரியைப் பூட்டிய செய்தியைப் பத்திரிகையில் ஒரு பார்வை பார்த்தபோதே நாச்சிமுத்துவுக்குத் தெரிந்துபோயிருந்தது.

"தெரியல கண்ணு."

"நான் கண்டுபிடிக்காம விடமாட்டேன் மாமா. எப்படித் தேடறதுன்னு நீங்க சொல்லித் தருவீங்களா?"

"ஆகட்டும் கண்ணு" என்றார். வேறு என்ன சொல்வார்? அன்றையிலிருந்து அந்தப் பெண்ணின் பெயர் போனில் வந்தாலே அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்சம் கழித்துத்தான் எடுப்பார்.

வீட்டில் ருக்மணி சோற்றைப் போட்டுக்கொண்டே மண்ணை வாரித் தூற்றுவாள். "இதைப் பண்ணுனவன் கை புழுத்துப் போகோணும். அவன் குடும்பம் வெளங்குமா?" என்பாள். "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்றும் கேட்பாள். நாச்சிமுத்து அந்தக் கையாலேயே பிசைந்து தின்றுவிட்டு எழுந்திருப்பார்.

குருவிடம் வந்தார். தினமும் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, மூடிய கம்ப்யூட்டரின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சாயந்திரம் வரைக்கும் இருந்துவிட்டுப் போவார். டீ வந்தால் குரு அவர் பக்கம் ஒரு டம்ளர் நகர்த்தி வைப்பார், அவ்வளவுதான்.

ஒரு காலையில் குரு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, ஒரு ஓட்டை வந்திருக்குதுங்க."

"வேற யாரையாச்சும் பார்க்கச் சொல்லுங் டீச்சர்."

"உங்க வரியிலதானுங்க."

"எந்த வரியில?" என்று கேட்டார்.

"அந்தப் பேட்ச்லயேதானுங்க. அந்த ஓட்டையை அடைக்க நீங்க எழுதுன வரிக்குள்ள இன்னொண்ணு இருக்குது. வெளியூர்ல ஒருத்தர் பார்த்துட்டு நமக்கு மட்டும் எழுதியிருக்கார்."

நாச்சிமுத்து சிரித்துவிட்டார். சிரிப்பா அது! பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஆளையும் கொன்னுபோட்டு, ஓட்டையும் அடைபடலீங்களா?"

கீழே கடையில் ஏதோ ஒரு கிரைண்டரைப் போட்டுப் பார்த்தார்கள். தரை அதிர்ந்தது.

"என் பேரை எடுத்துப்போடுங் டீச்சர்."

"முடியாதுன்னு உங்களுக்கே தெரியுமுங்களே."

"அப்ப இதுக்குப் பேட்ச் போடவே வேண்டாமுங். இருந்துட்டுப் போகட்டும்."

"எழுதுனவர் நல்ல மனுசர், நம்மகிட்டச் சொன்னார். அடுத்துக் கண்டுபிடிக்கறவன் சொல்லுவானுங்களா?"

"பேட்ச் போட்டா?"

"அன்னைக்கே எடுத்துப் படிப்பானுங்க."

"போட்டாலும் சாவு, போடாட்டியும் சாவு!" என்றார் நாச்சிமுத்து. "நாம என்னத்துக்குங் இங்க உக்காந்திருக்கறோம்? ஒண்ணை அடைச்சா அதுக்குள்ள ஒண்ணு, அதை அடைச்சா இன்னொண்ணு. இது என்னைக்காச்சும் தீருமுங்களா டீச்சர்? அதை மட்டும் சொல்லிப்போடுங், நான் எந்திரிச்சுப் போயிடறேன்."

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டு, கேட்கக் கூடாது என்று இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததையும் கேட்டுவிட்டார்.

"அந்தச் சோதனையை நீங்களுந்தானுங் பார்த்தீங்க?"

"பார்த்தேனுங்க."

நாச்சிமுத்து காத்திருந்தார். குரு எழுந்து வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டினார்.

"வாங்கண்ணா, ஒரு எட்டுப் போயிட்டு வந்தரலாம்."

"எங்கீங்?"

"பொள்ளாச்சி ரோட்டுக்கு."

"அங்க எதுக்குங் டீச்சர்? நான் வரலீங்."

குரு படியிறங்கிப் போய் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். ஹாரன் அடிக்கவில்லை, மேலே நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நாச்சிமுத்து இறங்கி வந்து பின்னால் உட்கார்ந்தார். உக்கடத்தில் சிக்னல் விழுந்தபோது நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

குரு முன்பே யாரிடமோ பேசி வைத்திருந்தார் போல. வாசலில் ஒருவரும் தடுக்கவில்லை. டயாலிசிஸ் வார்டு மாடியில் இருந்தது. நாலு கட்டில். மூன்றில் ஆள் படுத்திருந்தார்கள். நாலாவதில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். மெஷின்களின் முனகல் சத்தமும் மருந்து வாடையும். மூலையில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு கம்ப்யூட்டர். கட்டிலில் இருப்பவர்களின் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் அதில் ஓடிக்கொண்டிருந்தன. மேசைக்குப் பின்னால் ஜெசிந்தா என்ற நர்சு.

"வாங்க சார்" என்றாள் நாச்சிமுத்துவைப் பார்த்து. "திருமூர்த்தி அண்ணனோட மாப்பிள்ளைதானே நீங்க? கூட வந்திருக்கீங்கல்ல."

நாச்சிமுத்து தலையை ஆட்டினார்.

அப்போது அந்தத் திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. பாதுகாப்பு அப்டேட் தயார், இப்போது ரீஸ்டார்ட் செய்யவா, பிறகு செய்யவா என்று கேட்டது. ஜெசிந்தா ஈயை ஓட்டுகிற மாதிரி கையை நீட்டிப் 'பிறகு' என்பதை அமுக்கினாள். கட்டம் போய்விட்டது.

நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏனுங் அம்மணி! அது என்னன்னு தெரியுமுங்களா?"

"தெரியும் சார். தினமும் வரும்."

"அன்னைக்கு அவனுங்க எல்லாத்தையும் பூட்டிப்போட்டானுங்களே, அதுக்கப்புறம் புதுசா ஏத்தலீங்களா?"

"எங்க சார் புதுசு? புதுசு போட்டா இந்த மெஷினோட பேச மாட்டேங்குது. பழைய காப்பி ஒண்ணு இருந்துச்சு, அதை வெச்சுத்தான் எழுப்புனாங்க."

பழைய காப்பி. அதோடு பழைய ஓட்டையும் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. மச்சானைத் தின்ற அதே ஓட்டை, அதே மேசைமேல். பேட்ச் வந்து வாசலில் நின்று தினமும் கூப்பிடுகிறது, இந்தப் பெண் தினமும் பிறகு வா என்கிறாள். நாச்சிமுத்துவுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒன்றும் யோசிக்கவில்லை. கையை நீட்டி மவுசைப் பிடித்தார்.

ஜெசிந்தா எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "சார்! தொடாதீங்க! ஆளுங்களுக்கு மெஷின் ஓடிட்டிருக்கு!"

"அஞ்சே நிமிசமுங்..."

"அந்த அஞ்சு நிமிஷம் யாருக்கு பிரஷர் எறங்குதுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? போன தடவை இதை நம்பி அமுத்துனோம். அது பாட்டுக்குச் சுத்திட்டே இருந்துச்சு, எந்திரிக்கவே இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் மயங்கிட்டார். நான் ஓடிப் போய்ப் பார்க்கலைன்னா அன்னைக்கே போயிருப்பார்."

"ஆள் இல்லாத நேரமாப் பார்த்து..."

"ஆள் இல்லாத நேரம் எது சார்?" அவள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டாள். "ஒருத்தரை எறக்குனா அடுத்தவர் வெளியில நிக்கறார். அந்த நாலாவது கட்டிலுக்கும் ஆள் வந்தாச்சு. நீங்களே சொல்லுங்க, யாரை எறக்கி விட்டுட்டு அமுத்தட்டும்?"

நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். ஜன்னலோரக் கட்டில்தான் திருமூர்த்தியின் கட்டில். அதில் இப்போது வேறு ஒருவர் கம்பளியை மார்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு கிடந்தார். ரத்தம் வெளியே போய் வருகிற குளிரில் கால் விரல்கள் நடுங்கின. கம்பளி அங்கே எட்டவில்லை.

அவர் மவுசை விட்டுவிட்டார்.

ஜெசிந்தாவுக்குப் பாவமாகிவிட்டது. "மன்னிச்சுக்கங்க சார், கையைப் பிடிச்சுட்டேன். திருமூர்த்தி அண்ணன் உங்களைப் பத்தித்தான் எப்பவும் பேசுவார். போன்ல உங்க பேரைக் காட்டாத நாளே இல்லை. அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போதுகூட, மூச்சே விட முடியல அவருக்கு, என் கையைப் பிடிச்சுட்டுச் சொன்னார். எங்க மாப்ளைகிட்டச் சொல்லுங்கம்மா, அவர் வந்தார்னா இதை ஒரு நிமிசத்துல சரி பண்ணிப் போடுவார்னு."

நாச்சிமுத்து போய்க் கம்பளியை எடுத்து அந்த ஆளின் கால்மேல் இழுத்துவிட்டார். இழுத்ததும் மார்பு திறந்துகொண்டது. மறுபடி மேலே ஏற்றினார். கால் தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே கம்பளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரு வந்து அவர் முழங்கையைத் தொட்டு வெளியே அழைத்துப் போனார். அவர்கள் வாசலைத் தாண்டும்போது அந்தக் கட்டம் திரும்பவும் வந்தது. ஜெசிந்தா 'பிறகு' என்பதை அமுக்கினாள்.

ஸ்கூட்டர் நிறுத்தியிருந்த இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நாச்சிமுத்து அழுதார். ஐம்பதைத் தாண்டிய ஆம்பளை, போகிற வருகிற ஆட்களைப் பற்றி நினைக்காமல் ஓவென்று அழுதார்.

"எதுக்குங் அம்மணி என்னை இங்க கூட்டிட்டு வந்தீங்க?" டீச்சர் என்ற வார்த்தை அப்போது அவர் வாயில் வரவில்லை.

"என்னைக்காச்சும் தீருமான்னு கேட்டீங்கல்லங்க அண்ணா."

"ஆமாங்."

குரு சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினார்.

மாடிக்குத் திரும்பி வந்து நாச்சிமுத்து கம்ப்யூட்டரைத் திறந்தார். எழுத வேண்டும் என்று முடிவு செய்தார் என்றெல்லாம் சொல்ல முடியாது. ஜன்னலோரக் கட்டில்காரரின் கால் விரல்கள் கண்ணைவிட்டுப் போகவில்லை. கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார அவருக்குப் பயமாக இருந்தது. எழுதினார், அழித்தார், திரும்ப எழுதினார். மத்தியானச் சாப்பாட்டை மறந்துபோனார். வெயில் இறங்கும் நேரத்துக்குப் பேட்ச் தயாராக இருந்தது.

குரு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"சோதனைங்க?"

"எழுதி ஓட்டிப் பார்த்துட்டேனுங். கூட அனுப்பல. எல்லாரும் பேட்ச் போட்டுக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

"எல்லாரும் போட்டுக்க மாட்டாங்கண்ணா."

"இன்னைக்குத்தான் பார்த்துட்டு வந்தனுங்களே."

குரு கடைசி வரைக்கும் படித்துவிட்டு விரலை ஓரிடத்தில் வைத்தார். "இங்க ஒரு வரி விட்டுப்போச்சுங்க."

எது என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். மறந்து விட்டதல்ல. ஒரு பேட்ச் இன்னொரு பேட்சின் தப்பைத் திருத்துகிறது என்றால், எந்தப் பேட்சைத் திருத்துகிறது என்று அதிலேயே எழுத வேண்டும். அதுவும் தொழிலின் வழக்கம்.

"அந்த வரி வேண்டாமுங் டீச்சர்."

"ஏனுங்க?"

"தாரணி தேடிக்கிட்டு இருக்குதுங். எப்படித் தேடறதுன்னு என்கிட்டயே கேட்டுக் கேட்டுத் தேடுது. பழைய பேட்ச் சும்மா கணக்குச் சரிபார்ப்புன்னு எழுதுனதுங்களா, அதைத் தாண்டிப் போயிட்டுது. இதுல அந்த வரியை எழுதுனா கோர்த்துப் பார்த்துரும். ஓட்டை, பேட்ச், சோதனை, அந்த வாரம், எல்லாம் ஒண்ணாச் சேர்ந்துரும். கடைசியில என் பேர்ல வந்து நிக்கும்."

குரு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு வரிதானுங்களே. அது இல்லாட்டியும் பேட்ச் வேலை செய்யுமுங்களே?"

"செய்யுமுங்க. ஆனா உங்க பழைய பேட்சை எடுத்துப் போட்டுட்டு, பத்திரமாயிட்டோம்னு எத்தனையோ ஆஸ்பத்திரி நிம்மதியா இருக்குது. இது தங்களுக்கும் வேணும்னு அவங்களுக்கு அந்த வரியை வெச்சுத்தான் தெரியும்."

நாச்சிமுத்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். போனில் தாரணியிடமிருந்து ஏதோ வந்து கிடந்தது, அதைத் திறக்கவில்லை.

அப்புறம் அந்த வரியை எழுதினார். தன் பழைய பேட்சின் அடையாளத்தை எழுதி, இது அதன் தப்பைத் திருத்துகிறது என்று போட்டார். பெயர் போடும் இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"டீச்சர், இதுல ஓட்டை இல்லைன்னு சொல்ல முடியுமுங்களா?"

"முடியாதுங்க."

"இதையும் எவனாச்சும் படிச்சுப்போட்டு, எங்கியாச்சும் ஒரு ஆஸ்பத்திரியில பூந்தா?"

"பூருவாங்க."

"அங்க ஆராச்சும் செத்துப்போனா?"

கீழே கடையில் கிரைண்டர் சத்தம் ஓய்ந்து ஷட்டரை இழுத்துவிட்டார்கள். நாச்சிமுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை அடித்து முடித்தார். குரு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பெயருக்குக் கீழே தன் பெயரை அடித்தார்.

"சாகலாமுங்க" என்றார்.

"தாரணி ஒரு நாள் இதைப் படிச்சுப்போட்டு நேரா வந்து என் சட்டையைப் பிடிப்பாளுங் டீச்சர். எங்கப்பனைக் கொன்னவன் நீதானான்னு கேப்பா."

"கேக்கட்டுமுங்க அண்ணா" என்றார் குரு. "செத்தவங்க வீட்டுக்காரங்க வந்து சட்டையைப் பிடிக்கறதுக்கு ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான் கீழ பேரு போடறது."